பள்ளத்துப் பக்கம் இறங்கி ஒரு படம்

கட்டடங்களைப் படமெடுப்பது என் தொழில். குன்னூர், ஊட்டி, கோத்தகிரி என்று காட்டேஜ் கட்டுபவர்கள் அழைப்பார்கள். அநேகமாக எல்லாரும் கேட்பது ஒரே கோணம்தான்: சாலையில் நின்று, வாசலும் வானமும் தெரிய. அதில் கட்டடம் இரண்டு மாடி. அதையே பள்ளத்துப் பக்கம் இறங்கி அண்ணாந்து பாருங்கள், சில இடங்களில் நான்கு மாடி, ஐந்து மாடி! சாலை மட்டத்துக்குக் கீழே சரிவை வெட்டி இறக்கிய தளங்கள் அவை. பின்பக்கம் எடுக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு.

நீலகிரியில் 1993 முதல் இருக்கும் மாஸ்டர் பிளான் விதிகளின்படி கட்டட உயரத்துக்கு வரம்பு 7 மீட்டர். கீழே தெரியும் தளமெல்லாம் விதிமீறல் என்று நான் சொல்ல வரவில்லை, அது அளந்து பார்த்துப் பொறியாளர் சொல்ல வேண்டியது. ஆனால் வீடு வாங்குபவர் முன்பணம் கொடுக்குமுன் கீழிருந்து எடுத்த படத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

அந்தப் படத்தில் மாடிகளை எண்ணுவதைவிட முக்கியம், சரிவு மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச் சுவர். நீர் வடியக் குழாய் விட்டிருக்கிறார்களா? மழை ஓய்ந்த மறுநாள் அதில் தண்ணீர் வருகிறதா? வடிய வழியில்லையென்றால் மண்ணின் பாரத்தோடு தண்ணீரின் அழுத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளும். வயிறு தள்ளிய சுவர், குறுக்கே ஓடும் வெடிப்பு, மூடப்பட்ட ஓடை இவற்றில் எது தெரிந்தாலும் பொறியாளரைக் கூட்டிப்போங்கள். 2009 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மலையில் வீடுகளின் நெரிசலைப் படமெடுக்க வரும் இளைஞர்களுக்கும் ஒன்று. கேத்திப் பள்ளத்தாக்கை எதிர்மேட்டிலிருந்து, தொலைவை இழுத்துக் காட்டும் 400 எம்எம் லென்ஸில் எடுத்தால் வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல இருக்கும். நடுவிலுள்ள காய்கறித் தோட்டங்கள் மடிந்து மறைந்துவிடும். தூரத்தில் நின்று எடுப்பதால் வரும் மாயம் அது. காட்டேஜ்காரர் மாடியை மறைக்கிறார், நாம் தோட்டத்தை மறைக்கிறோம், பெரிய வித்தியாசமில்லை. ஒரே இடம், ஒரே லென்ஸ், ஒவ்வோர் ஆண்டும் அதே மாதம் என்று எடுத்து வையுங்கள். உறைபனி விழும் ஜனவரிக் காலை நல்லது, காற்று தெளிவாக இருக்கும். ட்ரோன் என்றால் கவனம்: வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. ட்ரோன்களுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் சிவப்பு மண்டலமா, அதாவது அனுமதியில்லாமல் பறக்கவிடக் கூடாத இடமா என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.