கல்லு ஆத்தங்குடியில, காப்பி கேம்ல

போன மாசம் காரைக்குடியில என் ஆபீசுக்கு ஒரு அண்ணன் தன் மகனோட வந்தாரு, ஆத்தங்குடியில தரைக்குப் போடுற டைல்ஸ் கல்லு பட்டறை வச்சிருக்காரு. பையன் போனை நீட்டி "சார், இது அப்பா போட்ட டிசைன், ஒரு கேம்ல வீட்டுக்குத் தரை போடுறதுக்கு இதைக் காசுக்கு விக்கிறாங்க"ங்கிறான். வாங்கிப் பாத்தா தாமரை மொக்கு, பச்சைக்கு நடுவுல மெல்லிசா ஒரு மஞ்சக் கோடு, கண்ணாடி மேல அச்சை வச்சு அவரு கையால கலர் ஊத்துனது அச்சு அசலா அப்படியே இருக்கு.

டிசைனை ரிஜிஸ்டர் பண்ணீங்களான்னேன். "இன்ஸ்டால போட்டேன் சார்" அப்படிங்கிறான் பையன். அங்கதான் மாட்டிக்கிட்டோம். 2000ம் வருஷ டிசைன்ஸ் சட்டத்துல அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாடியே ஊருக்குக் காட்டிட்டா அது புதுசு கிடையாது. சரி, காப்பிரைட் இருக்குல்லன்னான். காப்பிரைட் சட்டம் பிரிவு 15ல, ரிஜிஸ்டர் பண்ணியிருக்க வேண்டிய டிசைனைப் பண்ணாம விட்டுட்டு 50 தடவைக்கு மேல பொருளாப் போட்டுட்டா அதுவும் போச்சு. 10க்கு 10 ரூம் ஒண்ணுக்கே பத்து இஞ்ச் கல்லு 144 வேணும், இவரு ரெண்டு வீடு முடிச்சுட்டாரு!

ரிஜிஸ்டர் பண்ணியிருந்தாலும் ஒரு சிக்கல் இருக்கு. டிசைனை ரிஜிஸ்டர் பண்றப்ப பொருளை வகுப்பு வகுப்பாப் பிரிச்சிருக்காங்க, கல்லு வகுப்பு 25ல வரும், வழக்குப் போடுறதும் அந்த வகுப்புப் பொருளை வச்சுத்தான், கேம்ல இருக்கிறது கல்லே இல்லையே, படம். அதனால ஸ்கிரீன் டிசைனுக்கான வகுப்பு 14லயும் தனியா ஒண்ணு போடச் சொல்லுவேன், தனி ஆளுக்கு ஃபீஸ் 1000 ரூபாதான். ஸ்கிரீன்ல தெரியுற படம் ஒரு பொருளான்னு டிசைன் ஆபீஸ்லேருந்து ஆட்சேபணை வரலாம், வரட்டும், பதில் சொல்லிக்கலாம். (ஆச்சி வீட்டு முகப்புல இருக்கிற நூறு வருஷத்து டிசைனைக் கொண்டு வராதீங்க, அது யாருக்கும் சொந்தமில்ல.)

ஜப்பான்ல 2024 ஏப்ரல் 1லேருந்து, அங்க வித்த பொருளோட வடிவத்தை டிஜிட்டல்ல காப்பி அடிச்சாலும் தப்பு, ரிஜிஸ்டர் வேணாம், முதல்ல வித்த நாள்லேருந்து 3 வருஷம். ஐரோப்பிய யூனியன்லயும் 2025 மே 1லேருந்து கையில தொட முடியாத பொருளுக்கும் டிசைன் உரிமை உண்டுன்னு எழுதிட்டாங்க. நம்ம சட்டத்துல இன்னும் அந்த வரி இல்ல.

அண்ணன் இப்ப புது அச்சு ஒண்ணு வெட்டக் குடுத்திருக்காரு. அப்ளிகேஷன் போடுற வரைக்கும் போட்டோவே எடுக்காதப்பான்னு பையன்கிட்ட சொல்லி அனுப்புனேன். வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்து கேக்குறான், "ஸ்டேட்டஸ்ல மட்டும் வைக்கலாமா சார்?"