திருத்தம் வெளியான நாளில் தொடங்கும் ஆபத்து

மதுரை கீழமாசி வீதியில் உள்ள மொத்த விற்பனைக் கடைகளில், கல்லாக் கணினியில் போடும் பில் அடுத்த நொடியே கிடங்குக் கணினியிலும் தெரியும்படி அமைத்திருப்பார்கள். ஒரு கணினியின் கோப்புகளை மற்றவை திறந்து படிக்கும் இந்த ஏற்பாட்டை விண்டோஸில் பெரும்பாலும் நடத்துவது எஸ்எம்பி என்னும் நெறிமுறை. அது 445 என்ற எண்ணுள்ள போர்ட்டில், அதாவது கணினிக்குள் தரவு நுழையும் எண்ணிட்ட வாசலில், கோரிக்கைகளுக்காகக் காத்திருக்கும். 2017-இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது இதன் வழியாகத்தான்.

அதற்கு இடம்கொடுத்த பிழை மிகச் சிறியது. வந்துசேரும் தரவை வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கு எவ்வளவு நினைவகம் தேவை என்பதை எஸ்எம்பியின் பழைய பதிப்பு கணக்கிடும்போது, 32 பிட் நீளமுள்ள ஓர் எண்ணில் 16 பிட்களை மட்டுமே மாற்றி எழுதியது. மீதிப் பாதியில் பழைய மதிப்பே தங்கிவிட்டதால், ஒதுக்கிய இடத்தைவிட அதில் எழுதப்படும் தரவு பெரிதாகிப் பக்கத்து நினைவகத்துக்குள் வழிந்தது. வழியும் தரவைத் திட்டமிட்டு வடிவமைத்தவரால், கடவுச்சொல் எதுவுமின்றி, இயங்குதளத்தின் மையப் பகுதியிலேயே தம் கட்டளைகளை ஓட்ட முடிந்தது.

இந்தப் பிழையைச் சரிசெய்யும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்று வெளியிட்டது. பிழையைப் பயன்படுத்தும் தாக்குதல் கருவி ஏப்ரல் 14 அன்று இணையத்தில் கசிந்தது. மே 12 அன்று வான்னகிரை வந்தது. சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் சில, நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. திருத்தம் வெளியாகி அதற்குள் 59 நாட்கள் ஆகியிருந்தன என்பதே இதில் மிகவும் வருந்தத்தக்கது.

கருவி எதுவும் கசியாவிட்டாலும் ஆபத்து உண்டு. திருத்தம் வெளியானதும் பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தக் கட்டளை மாறியிருக்கிறது என்பது தெரியும்; அதிலிருந்து ஓட்டை எங்கே இருந்தது என்பதை ஊகித்துவிடலாம். ஆகவே, திருத்தத்தை ஏற்றாத கணினி முன்பு இருந்த நிலையிலேயே நீடிப்பதில்லை. வெளியீட்டு நாளிலிருந்து அதன் ஆபத்து கூடுகிறது.

மைக்ரோசாஃப்டின் வழக்கமான திருத்தங்கள் மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று, நம் நேரப்படி இரவில் வெளியாகின்றன. விற்பனை விவரங்களைத் தெரிவிக்கும் ஜிஎஸ்டிஆர்-1 என்னும் ஜிஎஸ்டி படிவத்தை மாதந்தோறும் 11-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்யும் வணிகருக்கு இது நெருக்கடியான வாரம். அந்த நேரத்தில் பில் பிரிண்டர் நின்றுபோனால் என்ன செய்வது என்ற அவருடைய அச்சம் நியாயமானது. முதலில் கோப்புகளைப் பேக்கப் எடுத்து, புதன்கிழமை ஒரே ஒரு கணினியில் திருத்தத்தை ஏற்றி, பில்லிங், பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் மூன்றும் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகு, அந்த வாரத்துக்குள்ளேயே மற்ற கணினிகளுக்கும் ஏற்றுவதே நான் பரிந்துரைக்கும் வழி.

ஏற்றிய பின் ரீஸ்டார்ட் செய்வதைத் தள்ளிப்போடக் கூடாது. வட்டில் உள்ள கோப்பு மாறினாலும், ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் பழைய பிரதி நினைவகத்தில் இருந்துகொண்டே இருக்கும். இரவில் ஷட் டவுன் செய்வது எப்போதும் இதற்கு ஈடாகாது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் விரைவுத் தொடக்க வசதி செயல்பட்டால், மையப் பகுதியின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே மீட்கப்படுகிறது.

விண்டோஸ் 7-க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்துவிட்டன. பழைய எடைமேடை மென்பொருளுக்காக அத்தகைய கணினியை வைத்திருந்தே ஆக வேண்டுமென்றால், அதை இணையத்திலிருந்து துண்டித்து, மற்றக் கணினிகளுடன் கோப்புப் பகிர்வையும் நிறுத்தி, விவரங்களைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொள்வது நல்லது.