ஆக்சிஜன் சேம்பரில் ஏறும் முன் காலில் பார்க்க வேண்டியது

ஆறாத சர்க்கரைப் புண்ணோடு புதுச்சேரிக்கும் கடலூருக்குமாக அலைகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கேட்பதே, "ஆக்சிஜன் சேம்பரில் படுத்தால் விரல் தப்புமா?" என்றுதான். அழுத்தம் ஏற்றிய மூடிய அறைக்குள் படுத்துச் சுத்த ஆக்சிஜனை மூச்சிழுக்கும் சிகிச்சை அது. சிலருக்கு விரல் தப்பும். எல்லோருக்கும் இல்லை; ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

சாதாரணக் காற்றில் 100 மி.லி. ரத்தத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் வெறும் 0.3 மி.லி. சேம்பருக்குள் வெளிக்காற்றைப் போல் 2 முதல் 2.5 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்சிஜனை இழுத்தால் அது 4, 5 மி.லி. வரை ஏறும். ஆனால் அந்த ரத்தம் பாதம்வரை போக வேண்டுமே! தமனி அடைத்திருந்தால் எத்தனை சிட்டிங் போட்டாலும் பணம்தான் கரையும். கால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கக் கணுக்காலில் எடுக்கும் பிரஷரை மட்டும் நம்பக் கூடாது. சுண்ணாம்பு படிந்து ரத்தக் குழாய் இறுகியவர்களுக்கு அது பொய்யாக நார்மல் காட்டும். கால்விரல் பிரஷரைக் கேளுங்கள். புண்ணருகே தோலில் ஒட்டி அளக்கும் ஆக்சிஜன் சோதனையில் வெளியே 40 மி.மீ. பாதரசத்துக்குக் கீழ் இருந்து, சேம்பருக்குள் 200-ஐத் தாண்டினால் நம்பிக்கையோடு தொடரலாம். அந்த எண் அசையவே இல்லையா, ரத்தநாள சர்ஜனிடம் போங்கள்.

எலும்புவரை ஆழ்ந்த புண், அழுகிய சதையை வெட்டி எடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, காலை ஊன்றாமல் 30 நாள் பார்த்தும் ஆறவில்லை என்றால்தான் சேம்பர் பேச்சு. 90 நிமிடம் உள்ளே படுத்துவிட்டு, அதே புண்ணை ஊன்றி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் எல்லாம் வீண். சித்திரை மதியத்தில் திருவந்திபுரம் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நடப்பதும் அப்படித்தான். மரத்த காலுக்குச் சூடு உறைக்காது, கொப்புளம் மறுநாள்தான் கண்ணில் படும்.

சேம்பர் நாளில் இன்சுலின் போட்டுவிட்டுப் பட்டினியாக வரவே கூடாது. உள்ளே சர்க்கரை இறங்கும். லோ சுகர் என்று தெரிந்தாலும் அழுத்தத்தைக் குறைத்து வெளியே எடுக்கச் சில நிமிடம் ஆகும். தலையில் தேங்காய் எண்ணெய், பாலியஸ்டர் புடவை, மடியில் தீப்பெட்டி, செல்போன் எதுவும் ஆகாது. சுத்த ஆக்சிஜனில் ஒரு பொறி போதும். சளி பிடித்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள், காது ஜவ்வு கிழியலாம். எச்சிலை விழுங்கியும் வலி விடாவிட்டால் உடனே கையைக் காட்டுங்கள். மார்பு எக்ஸ்ரே இல்லாமல் ஏற்றுகிற இடத்துக்குப் போகாதீர்கள். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால் உயிருக்கே ஆபத்து. சில வாரம் பார்வை மங்கினால் புதுக் கண்ணாடி வாங்க அவசரப்பட வேண்டாம், பெரும்பாலும் தானே சரியாகும்.

வாரம் ஒருமுறை ஸ்கேல் வைத்துப் புண்ணைப் படம் எடுத்து வையுங்கள். 20 சிட்டிங் தாண்டியும் அளவு குறையாமல், சிவந்த புதுச் சதையும் வராமல் இருந்தால், எலும்பில் சீழ் இருக்கிறதா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பாருங்கள். முன்பணம் கட்டிவிட்டோமே என்று மிச்ச சிட்டிங்கை முடிக்க வேண்டாம்.