நான்-இன்வேசிவ்: ஊடுருவாததா, துளையிடாததா?

சர்க்கரை அளவு காட்டுவதாகச் சொல்லும் கைக்கடிகார விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் சொல் ‘நான்-இன்வேசிவ்’. தமிழில் இதை ‘ஊடுருவாத’ என்றும் ‘ஆக்கிரமிக்காத’ என்றும் போட்டுவிடுகிறார்கள். ‘ஆக்கிரமிக்காத குளுக்கோஸ் கண்காணிப்பு’ என்று படிப்பவருக்குப் புறம்போக்கு நில வழக்குதான் நினைவுக்கு வரும். விரலில் ஊசி குத்தாத சோதனை என்று யாருக்கும் தோன்றாது.

மூலம் லத்தீன். ‘இன்’ உள்ளே, ‘வாடெரே’ செல்லுதல். இரண்டும் சேர்ந்தால் படையோடு புகுதல். அந்த ஒரு சொல் துறைதோறும் வேறு வேலை செய்கிறது. சீமைக்கருவேலத்தைப் பற்றி எழுதும்போது ‘ஆக்கிரமிப்பு இனம்’ பொருந்தும். புற்று அடுத்த திசுவுக்குள் புகுவதற்கு ‘ஊடுருவும்’ பொருந்தும். குளுக்கோஸ் அளவீட்டில் மட்டும் பொருள் மிகக் குறுகியது: தோல் துளைபடக் கூடாது, கருவியின் எந்தப் பகுதியும் உடலுக்குள் போகக் கூடாது.

ஊடு + உருவு. ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளிவருவது. கிரவுஞ்ச மலையை ஊடுருவியது முருகன் வேல். சிக்கலே இங்குதான். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை விரல் நுனியிலோ காது மடலிலோ ஒளியைச் செலுத்தி, உள்ளே புகுந்து வெளிவரும் ஒளியை அளப்பவை. அதாவது ஊடுருவுவதே அவற்றின் தொழில். அதற்கு ‘ஊடுருவா’ என்று பெயர் வைப்பது முரண். ஆகவே ‘துளையிடா’ என்பதே சரி. மூச்சுக்குழாயில் குழாய் செருகாமல் முகமூடி வழியே தரும் செயற்கைச் சுவாசத்துக்கு ‘ஊடுருவா’ இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே துளை என்ற பேச்சே இல்லை.

எழுதும்போது ஒற்றை விட்டுவிட வேண்டாம். ‘துளையிடா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பின்னால் வல்லினம் மிகும்: துளையிடாக் குளுக்கோஸ் அளவீடு, துளையிடாச் சோதனை. செல்லாக்காசு மாதிரி.

மேற்கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் சிஜிஎம் சென்சாரையும் பலர் நான்-இன்வேசிவ் என்கிறார்கள். அது தவறு. அதன் அடியில் சுமார் 5 மி.மீ. நீள இழை தோலுக்குள் இருக்கிறது; ஒட்டும்போது ஊசி அதை உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்துவிடும். அது ‘குறைதுளை’ (மினிமலி இன்வேசிவ்). அளப்பதும் ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை. அதனால் ரத்தத்தில் ஏறியதும் இறங்கியதும் அங்கே தெரிய ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தக் கையை அழுத்திப் படுத்தால் இல்லாத தாழ்சர்க்கரைக்கு நள்ளிரவில் அலாரம் அடிக்கும்.

உண்மையான துளையிடாச் சோதனை புதிதல்ல. நீரிழிவில் உள்ள இழிதல் என்றால் இறங்குதல், வழிதல். நீரிழிவு என்ற பெயரிலேயே சிறுநீர் இருக்கிறது. இலங்கையில் வழங்கும் சலரோகமும் அதைத்தான் சொல்கிறது. சிறுநீரில் எறும்பு மொய்க்கிறதா என்று பார்த்தது, சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கி நிறம் மாறுகிறதா என்று பார்த்தது, நிறம் மாறும் சோதனைப் பட்டையைச் சிறுநீரில் நனைப்பது எல்லாம் துளையிடாதவையே. ஆனால் ரத்தச் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதைக் கீழே விடும் (எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம், நம் லேப் ரிப்போர்ட் கணக்கு). 60 இருந்தாலும் 160 இருந்தாலும் பட்டை ஒரே நிறம்தான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவருக்குப் பட்டை எப்போதும் சர்க்கரை காட்டும். அந்த மருந்தின் வேலையே சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவது.

ஆக்சிஜனை விரலில் கவ்வும் கருவி இவ்வளவு எளிதாக அளக்கும்போது குளுக்கோஸுக்கு மட்டும் என்ன வந்தது? ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கும் இறங்கிய ரத்தத்துக்கும் நிறமே வேறு. 660, 940 நானோமீட்டர் என்று இரண்டு ஒளி போதும். குளுக்கோஸுக்கு நிறம் கிடையாது. அகச்சிவப்பில் அது ஒளியை உறிஞ்சும் இடங்களில் தண்ணீர் அதைவிடப் பலமாக உறிஞ்சுகிறது. சர்க்கரை 100 என்றால் லிட்டருக்கு 5.5 மில்லிமோல், ஒரு லிட்டர் தண்ணீரிலோ 55 மோல் தண்ணீர். பத்தாயிரம் தண்ணீர் மூலக்கூறுக்கு நடுவே ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு. தோலின் சூடு சற்று மாறினாலும், வியர்த்தாலும், கருவி அழுந்தும் அழுத்தம் மாறினாலும் அந்த ஒன்றின் சைகை மூழ்கிப்போகும்.

இதில் நம்பிக்கை தருவது திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல்தான். மூலக்கூறில் பட்டுத் திரும்பும் ஒளியில் மிகச் சிறு பங்கு அலைநீளம் மாறி வரும். அந்த மாற்றம் மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும். 2020இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி., சாம்சங் ஆய்வாளர்கள் உயிருள்ள பன்றியின் காதுத் தோலில் குளுக்கோஸுக்கே உரிய ராமன் முகடுகளை நேரடியாகக் காட்டினார்கள். ஆய்வுமேசையிலிருந்து மணிக்கட்டுக்கு வருவது வேறு கதை.

மணிக்கட்டுக்கு வந்தும் தோற்ற ஒன்று உண்டு. அமெரிக்காவில் 2001இல் அனுமதி பெற்ற குளுக்கோவாட்ச், மெல்லிய மின்னோட்டத்தால் தோல் வழியே குளுக்கோஸை மேலே இழுத்து அளந்தது. கட்டி மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு விரலில் குத்தி அளவு சொல்லித்தர வேண்டும். தோல் சிவந்து எரிந்தது, வியர்த்தால் அளவீடு விடுபட்டது. கடைசியில் சந்தையை விட்டே போனது. கண்ணீரை நம்பி 2014இல் கூகுள் அறிவித்த கான்டாக்ட் லென்ஸும் 2018இல் நிறுத்தப்பட்டது. கண்ணீர்ச் சர்க்கரை ரத்தச் சர்க்கரையோடு ஒத்துப்போகவில்லை.

அப்படியானால் இணையத்தில் மலிவு விலைக்குக் கிடைக்கும் கடிகாரம் எதை அளக்கிறது? 2024 பிப்ரவரியில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது: தோலைத் துளைக்காமல் தானே சர்க்கரை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை. சிஜிஎம் அனுப்பும் எண்ணை வாங்கிக் காட்டும் கடிகாரம் வேறு, அது வெறும் திரை. எதையுமே அளக்காமல் எப்போதும் 140 என்று காட்டும் கடிகாரத்தை எண்ணிப் பாருங்கள். உண்மை அளவு 122 முதல் 164 வரை இருக்கும்வரை அதன் பிழை 15 சதவீதத்துக்குள்தான் வரும். வீட்டு குளுக்கோமீட்டருக்கான ஐ.எஸ்.ஓ. என்ற சர்வதேசத் தரம் 100-க்கு மேல் அனுமதிக்கும் பிழையும் அதுவே. ஓரளவு கட்டுப்பாட்டில் இருப்பவர் ‘கரெக்டா காட்டுது’ என்பார். இன்சுலின் கூடி உண்மை அளவு 55-க்கு விழும்போதும் அது 140 என்றே நிற்கும்.

சோதித்துப் பார்க்க விரும்பினால் வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு ஒன்றரை மணி நேரத்தில் ஒன்று என்று விரலில் குத்தி ஒப்பிடுங்கள். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். மாம்பழம் உரித்த விரல் 300கூடக் காட்டலாம். நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். பிதுக்கினால் திசுநீர் கலந்து அளவு பிசகும். உடல் நடுங்கி வியர்க்கும்போது கடிகாரம் எதைக் காட்டினாலும் விரலில் குத்தியே பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும்.