21 தோல்விகளுக்குப் பிறகு ஒரு வெற்றி

திருச்சியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். 2024-ல் சிகாகோவில் மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தாராம். ஒன்பது வயதுப் பேரனின் தலையிலிருந்து ஒரு கறுப்புத் தொப்பி இறங்கவே இறங்காதாம். தூங்கும்போதும் தலைமாட்டில் இருக்குமாம். தொப்பியில் இருப்பது சிகாகோ வைட் சாக்ஸ் என்ற பேஸ்பால் அணியின் பெயர். "சாயங்காலம் ஆனால் டிவி முன்னால் உட்காருவான். அவர்கள் தோற்பார்கள். முகம் தொங்கிப்போய்ச் சாப்பிட வருவான். மறுநாள் அதே தொப்பி, அதே டிவி. ஊரில் இன்னொரு அணி இருக்கிறதே, அதைப் பாரேன் என்றால் என்னை அப்படி ஒரு பார்வை பார்க்கிறான். இந்தப் பிள்ளையின் மூளைக்குள் என்ன நடக்கிறது சார்?"

அந்த அம்மா பார்த்தது சாதாரணத் தோல்வி இல்லை. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள் ஆடும். ஏறத்தாழ தினமும் ஆட்டம். வைட் சாக்ஸ் அந்த ஆண்டில் 121 ஆட்டங்களில் தோற்றது. 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே பருவத்தில் இத்தனை ஆட்டங்களைத் தோற்றதில்லை. முதல் 25 ஆட்டங்களில் மூன்றுதான் வெற்றி. ஜூலையிலிருந்து ஆகஸ்ட் வரை தொடர்ந்து 21 தோல்விகள்.

ஆட்ட விதிகளுக்குள் நான் போகப்போவதில்லை. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். பேஸ்பாலில் யாரும் எப்போதும் ஜெயிப்பதில்லை. அதே 2024-ல் சாம்பியனான லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ்கூட 64 ஆட்டங்களில் தோற்றது. ஆக நூற்றுக்குச் சொன்னால் சாம்பியனின் வெற்றி சுமார் 60, படுமோசமான அணியின் வெற்றி சுமார் 25. இந்த இரண்டு எண்களும் பின்னால் தேவைப்படும்.

இப்போது மூளைக்கு வருவோம். டோபமின் என்றால் 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று எல்லோரும் படித்திருப்பீர்கள். அந்தப் பெயர் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஏனென்றால் அது செய்யும் வேலை அதைவிட நுட்பமானது, அதைவிட அழகானது.

உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் சுவிட்சர்லாந்தில் குரங்குகளின் நடுமூளையில் இருக்கும் டோபமின் நியூரான்களை மெல்லிய மின்முனைகளால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தேடியது வேறு. பார்க்கின்சன் நோயில் சாகும் நியூரான்கள் இவைதான் என்பதால், கை கால் அசைவுக்கும் இவற்றுக்கும் உள்ள தொடர்பைத் தேடினார். நியூரான்களோ அசைவைச் சட்டை செய்யவில்லை. குரங்கின் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தபோது படபடவென்று துடித்தன.

இனிமேல்தான் விஷயமே. பழச்சாறு வருமுன் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கினார்கள். சில நாளில் குரங்கு புரிந்துகொண்டது: விளக்கு எரிந்தால் சாறு வரும். அதன்பின் நியூரான்கள் விளக்குக்குத் துடித்தன. சாறு வந்தபோது பேசாமல் இருந்தன. அதே சாறு, அதே இனிப்பு, ஆனாலும் துடிப்பில்லை. வருமென்று தெரிந்த ஒன்று வந்ததில் அவற்றுக்குச் செய்தி ஏதுமில்லை. பிறகு விளக்கை எரியவிட்டு, சாற்றைத் தராமல் நிறுத்திப் பார்த்தார்கள். சாறு விழுந்திருக்க வேண்டிய அந்த நொடியில், மிகச் சரியாக அந்த நொடியில், நியூரான்கள் வழக்கமான மெல்லிய துடிப்பையும் நிறுத்தி அமைதியாயின. நடக்காமல் போன ஒன்றை, அது நடந்திருக்க வேண்டிய நேரத்தோடு குறித்துவைக்கும் உயிரணுக்கள்! இதைப் படித்த முதல் நாள் எனக்குச் சரியாகச் சாப்பாடே இறங்கவில்லை.

1997-ல் ஷுல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேகு மூவரும் சேர்ந்து இதற்கு ஒரு கழித்தல் கணக்கைக் கொடுத்தார்கள். கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழித்தால் வருவதுதான் டோபமின் சொல்லும் செய்தி. இதை எதிர்பார்ப்புப் பிழை என்று சொல்லலாம். எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்தால் துடிப்பு ஏறும். குறைந்தால் இறங்கும். சரியாக அதுவே கிடைத்தால் ஒன்றுமில்லை. அந்தப் பிழையில் ஒரு பங்கை எடுத்து அடுத்த எதிர்பார்ப்பில் சேர்த்துக்கொள்ளும். கற்றல் என்பது இதுதான்.

இதை அந்தச் சிறுவனின் சோபாவுக்குக் கொண்டுவருவோம். வெற்றிக்கு 100, தோல்விக்கு 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். டாட்ஜர்ஸ் ரசிகரின் எதிர்பார்ப்பு 60. ஜெயித்தால் 40 மேலே, தோற்றால் 60 கீழே. வைட் சாக்ஸ் ரசிகரின் எதிர்பார்ப்பு 25. ஜெயித்தால் 75 மேலே, தோற்றால் 25 மட்டும் கீழே. ஒரு வெற்றி தரும் துள்ளல் தோற்கும் அணியின் ரசிகருக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு!

இன்னும் ஒரு படி போங்கள். நூறு ஆட்டங்களைக் கூட்டிப் பார்ப்போம். டாட்ஜர்ஸ் ரசிகருக்கு 60 வெற்றி, ஒவ்வொன்றும் 40: மொத்தம் 2,400. தோல்வி 40, ஒவ்வொன்றும் 60: அதுவும் 2,400. கழித்தால் பூஜ்யம். வைட் சாக்ஸ் ரசிகருக்கு 25 வெற்றி, ஒவ்வொன்றும் 75: மொத்தம் 1,875. தோல்வி 75, ஒவ்வொன்றும் 25: அதுவும் 1,875. இங்கும் பூஜ்யம். எதிர்பார்ப்பு நிலைமையோடு ஒத்துப்போய்விட்ட பிறகு, சாம்பியனின் ரசிகரும் கடைசி அணியின் ரசிகரும் டோபமின் கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறார்கள். தாளில் போட்டுப் பார்த்துவிட்டுப் பல தடவை சரிபார்த்தேன். அவ்வளவு எளிய கூட்டல் கழித்தலில் இவ்வளவு பெரிய விஷயமா என்று நம்ப முடியவில்லை.

அந்த 21 தோல்விகளையும் போட்டுப் பார்த்தேன். தொடரின் ஆரம்பத்தில் பையனின் எதிர்பார்ப்பு 40 என்று வைப்போம், குழந்தை மனசு அல்லவா. ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும் பிழையில் பத்தில் ஒரு பங்கு எதிர்பார்ப்பில் சேரும் என்பது என் ஊகம். முதல் தோல்வியில் 40 கீழே போகிறது, எதிர்பார்ப்பு 36 ஆகிறது. அடுத்தது 32.4. அதற்கடுத்தது 29 சொச்சம். வலி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. 21-வது தோல்விக்குப் பிறகு எதிர்பார்ப்பு வெறும் 4.4. ஆகஸ்ட் 6 அன்று ஓக்லண்டில் வைட் சாக்ஸ் 5-1 என்று ஜெயித்தது. அந்த இரவில் பிழை 95-க்கும் மேல். சாம்பியன் அணியின் ரசிகருக்குச் சாதாரண ஆட்டத்தில் இப்படி ஓர் இரவு வாய்க்கவே வாய்க்காது.

இன்னொரு சோதனையும் இங்கே பொருந்தும். 2003-ல் ஷுல்ட்ஸும் சகாக்களும் குரங்குக்கு வெவ்வேறு படங்களைக் காட்டினார்கள். ஒரு படம் வந்தால் சாறு நிச்சயம், ஒரு படம் வந்தால் நிச்சயம் இல்லை, சில படங்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். படத்துக்கும் சாற்றுக்கும் நடுவே இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியில் டோபமின் துடிப்பு மெதுவாக ஏறிக்கொண்டே போனது. ஆக அதிகமாக ஏறியது வாய்ப்பு சரிபாதியாக இருந்தபோது. இதற்கு என்ன பொருள் என்று ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு. ஆனால் பேஸ்பால் பார்த்தவர்களுக்கு அந்த ஏற்றம் உடம்பிலேயே தெரியும். எறிபவர் பந்தைக் கையுறைக்குள் உருட்டிக்கொண்டு நிற்கும் அந்த நேரம். 2023-லிருந்து அதற்கும் கடிகாரம் வைத்திருக்கிறார்கள், ஓடக் காத்திருக்கும் ஆட்டக்காரர் யாரும் களத்தில் இல்லாவிட்டால் 15 நொடி. படுமோசமான அணியின் ஆட்டத்திலும் இந்த நொடிகள் நூற்றுக்கணக்கில் வரும். ஆட்டத்தின் முடிவு தெரிந்திருக்கலாம், அடுத்த பந்தின் முடிவு யாருக்கும் தெரியாது.

கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். குரங்குக்குப் பழச்சாறு கொடுத்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் இதெல்லாம் தெரிந்தே இருக்காது. பிழையிலிருந்து கற்கும் கணக்கை 1972-ல் ரஸ்கோர்லா, வாக்னர் என்ற இரு உளவியலாளர்கள் விலங்குகளுக்காக எழுதினார்கள். சட்டன், பார்டோ இருவரும் அதே வழியில் கணினிக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கணினித் துறையின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது, 2024-ம் ஆண்டுக்கு, அவர்களுக்குக் கிடைத்தது. இன்றைய செயற்கை நுண்ணறிவின் ஒரு வேர் அங்கே இருக்கிறது. 'உடனடிப் பயன் என்ன' என்ற கேள்வியை விண்ணப்பப் படிவத்தின் முதல் பக்கத்தில் அச்சடிப்பதை நாம் நிறுத்தியாக வேண்டும்.

சரி, டோபமினோடு கதை முடிந்ததா? முடியவில்லை. பிரிட்டனில் கால்பந்து ரசிகர்களின் மனநிலையைக் கைபேசிச் செயலி வழியாகப் பதிவுசெய்து டோல்டன், மெக்கெரன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். ஆட்டம் முடிந்த அடுத்த மணி நேரத்தில், தோல்வி தரும் வருத்தம் வெற்றி தரும் மகிழ்ச்சியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள். ஆக, வலி வேறு வழிகளிலும் வருகிறது. என் கணக்கில் வந்த பூஜ்யம் வாழ்க்கையில் பூஜ்யம் இல்லை. அதோடு, டோபமின் கணக்கு பரபரப்பை விளக்குகிறதே தவிர விசுவாசத்தை விளக்கவில்லை. சாறு தராத விளக்கைக் குரங்கு சீக்கிரமே மறந்துவிடும். பையன் தொப்பியைக் கழற்றவில்லையே!

இந்த இடத்தில்தான் சிலர் சாபம், ராசி என்று ஆரம்பிப்பார்கள். வைட் சாக்ஸ் 1917-ல் கோப்பை வென்றது. 1919-ல் சூதாட்டக்காரர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு இறுதித் தொடரைத் தோற்றதாக அதன் எட்டு ஆட்டக்காரர்கள் மீது குற்றச்சாட்டு எழுந்து, அவர்கள் வாழ்நாள் தடைபெற்றார்கள். அடுத்த கோப்பை 2005-ல். 88 வருஷம் சாபம் என்றார்கள். 30 சமபலமான அணிகள் இருந்தால், 50 வருஷத்தில் ஓர் அணி ஒருமுறைகூட வெல்லாமல் போகும் வாய்ப்பு 18 சதவீதம். அதாவது ஐந்தாறு அணிகள் எந்தச் சாபமும் இல்லாமலே அரை நூற்றாண்டு வெறுங்கையோடு இருக்கும். பாதி அணிகள் மட்டுமே இருந்த அந்தக் காலத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் நீண்ட காத்திருப்புக்கு நிர்வாகத்தின் பிழையும் எண்களின் இயல்பும் போதும். பிள்ளைகளிடம் சாபம் என்று சொல்லாதீர்கள். பென்சிலைக் கொடுத்துக் கணக்கைப் போடச் சொல்லுங்கள், அவர்களுக்குப் புரியும்.

விசுவாசத்துக்கான விடை வேறு பக்கம் இருக்கிறது. 1976-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை காலையில் மாணவர்களின் சட்டைகளை எண்ண வைத்தார். சனிக்கிழமை கல்லூரி அணி ஜெயித்திருந்தால் கல்லூரிப் பெயர் போட்ட சட்டைகள் அதிகம். ஆட்டத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், ஜெயித்தபோது 'நாம்' என்ற சொல் அதிகம் வந்தது. தோற்றால் ஒதுங்கிக்கொள்வது பாதி மனசோடு பார்ப்பவர்களின் பழக்கம். முழுக்க ஒட்டிக்கொண்டவர்கள் அப்படி விலகுவதில்லை. டேனியல் வான் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் சொல்வது இது: உள்ளூர் அணியோடு ஆழமாக ஒட்டிக்கொண்டவர்களுக்குத் தனிமை உணர்வு குறைவு. அந்தப் பலன் அணி ஜெயிப்பதைப் பெரிதாகச் சார்ந்திருக்கவில்லை. பக்கத்து இருக்கையில், பக்கத்து வீட்டில், பேருந்தில் அதே தொப்பி போட்ட இன்னொருவர் இருக்கிறார் என்பதைத்தான் சார்ந்திருக்கிறது.

இப்போதைய போப்பாண்டவர் பதினான்காம் லியோ சிகாகோவின் தெற்குப் பக்கத்துக்காரர், வைட் சாக்ஸ் ரசிகர். 2005 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் அவர் அரங்கில் உட்கார்ந்திருந்தது பழைய ஒளிபரப்பில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜூனில் வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில், தலையில் அந்தக் கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். 121 தோல்விக்கு அடுத்த வருஷம் அது! அந்தப் படத்தைப் பார்த்துத் தெற்கு சிகாகோவில் எத்தனை வீடுகளில் கைதட்டியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சியால்டினியின் ஆய்வைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஆசை. அதைத் தமிழில் செய்து பார்க்க வேண்டும். அந்த மாணவர்கள் சொன்ன 'நாம்' ஆங்கிலத்தில் 'we' என்ற ஒரே சொல்தான். நம்மிடம் 'நாங்கள்' இருக்கிறது, 'நாம்' இருக்கிறது. கேட்பவரை வெளியே நிறுத்திவிட்டுச் சொல்வது ஒன்று, உள்ளே சேர்த்துக்கொண்டு சொல்வது இன்னொன்று. ரசிகர்கள் எப்போது எதைச் சொல்கிறார்கள் என்று எண்ணினால் எவ்வளவோ தெரியவரும்.

அந்த அம்மாவின் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஆகஸ்ட் 6 இரவு இருக்கிறது. ஓக்லண்டில் ஆட்டம் தொடங்கும்போதே சிகாகோவில் பிள்ளைகள் தூங்கும் நேரம். பையன் ஒரு நோட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு மட்டையாளருக்கும் என்ன நடந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே பார்த்தானாம். 21 ஆட்டங்களின் பக்கங்களும் அந்த நோட்டில் இருந்தனவாம், ஒன்றுகூட விடாமல். பாட்டி பாதியிலேயே போய்ப் படுத்துவிட்டார். ராத்திரி வெகுநேரம் கழித்து யாரோ தோளைத் தொட்டு உலுக்கினார்கள். கண் விழித்தால் இருட்டில் தொப்பியோடு பேரன்.

"பாட்டி, எந்திரி. நாம ஜெயிச்சுட்டோம்."

அவர் எழுந்து போய், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கடைசிப் பந்தை மறுபடியும் போட்டபோது அவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாராம்.