ஹிட்மேன்: அடியாளா, கொலையாளியா?

மனசாட்சி உள்ள ஹிட்மேனைப் பற்றிய ஸ்டைலான வெளிநாட்டு ஆக்‌ஷன் த்ரில்லர் ஒன்றைத் தமிழ் சப்டைட்டிலோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் நனைந்த தெரு, கறுப்புக் கோட்டு, கறுப்புக் கையுறை. நாயகன் துப்பாக்கியைப் பகுதி பகுதியாகக் கழற்றித் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்குகிறான். ஒவ்வொரு பாகத்துக்கும் பெட்டியில் அளவெடுத்து வெட்டிய குழி இருக்கிறது. வாசலில் நிற்கும் பெண் ‘நீ யார்?’ என்று கேட்கிறாள். அவன் நிமிராமலேயே ஒரு சொல்லில் பதில் சொல்கிறான்: ஹிட்மேன். திரையின் அடியில் தமிழ் வரி வந்தது: ‘நான் ஒரு அடியாள்.’

அதுவரை இயக்குநர் பாடுபட்டுக் கட்டிய மிடுக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் சரிந்தது.

வரியை எழுதியவரைத் திட்டவும் முடியவில்லை. ஹிட் என்றால் அடி, மேன் என்றால் ஆள். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் தமிழில் அடியாள் ஏற்கெனவே வேலையில் இருக்கிறான். அவன் வேறு ஆள். முதலாளியின் பின்னால் கூட்டமாக வருவான், மிரட்டுவான், கடையை நொறுக்குவான், கதாநாயகனிடம் உதை வாங்கி ஓடுவான். ஹிட்மேன் கூலி வாங்கிக்கொண்டு கொல்பவன். தனியாக வருவான். வந்தது யாருக்கும் தெரியாது. (பக்தி நூல்களின் பக்கம் போனால் அடியாள் என்பவள் அடியான் என்பதன் பெண்பால், இறைவனின் தொண்டர். அந்தப் பொருளில் படித்தால் காட்சி இன்னும் வேடிக்கையாகிவிடும்.)

ஹிட் என்ற சொல்லே முதலில் அடியைக் குறிக்கவில்லை என்பது இதைவிடச் சுவையான செய்தி. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியில் ‘ஹிட்டா’ என்றால் எதிர்ப்படுதல், கண்டடைதல். அது பழைய ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் ஒருவரைச் சந்திப்பது என்ற பொருளோடுதான் வந்தது. எதிர்ப்படுவது மோதுவதாகி, மோதுவது அடிப்பதாகி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நிழலுலகத்தின் வாயில் திட்டமிட்டுக் கொல்வது என்ற பொருளையும் ஏற்றுக்கொண்டது. அதைச் செய்பவன் ஹிட்மேன் ஆனான்.

கொலையைத் தொழிலாகச் செய்பவர்கள் கொலை என்ற சொல்லை மட்டும் வாயில் எடுப்பதில்லை. 1930களில் நியூயார்க்கின் புரூக்லின் பகுதியில் இயங்கிய ஒரு கும்பலுக்குப் பத்திரிகைகள் ‘மர்டர், இன்கார்ப்பரேட்டட்’ என்று பெயர் வைத்தன. கொலையை வணிகக் கம்பெனிபோல நடத்தினார்கள் என்ற கேலி அதில் இருந்தது. அந்தக் காலத்து நிழலுலகப் பேச்சில்தான் ‘கான்ட்ராக்ட்’ என்ற சொல் கொலைக்கான ஏற்பாட்டைக் குறிக்கத் தொடங்கியது. மும்பை நிழலுலகம் அதையே ‘சுபாரி’ என்றது. சுபாரி என்றால் பாக்கு. தமிழ்ப் பத்திரிகைகள் பயன்படுத்தும் ‘தீர்த்துக்கட்டுதல்’ கணக்கு முடிப்பதிலிருந்து வந்தது. ஒப்பந்தம், பாக்கு, கணக்கு: ரத்தத்தின் வாடை எதிலும் இல்லை.

அந்தப் புரூக்லின் கும்பலில் ஏப் ரெலெஸ் என்று ஒருவன் இருந்தான். 1940இல் பிடிபட்டதும் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறினான். அவன் சொன்ன சாட்சியத்தால் கூட்டாளிகள் சிலர் மின்சார நாற்காலிக்குப் போனார்கள். 1941 நவம்பரில், போலீஸ் காவலில் இருந்தபோதே, கோனி தீவின் ஹாஃப் மூன் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தான். கொலையாளி சாட்சியான கதை இது. மனசாட்சியால் அல்ல, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள. மனசாட்சி உள்ள ஹிட்மேன் திரையில் கிடைக்கும் அளவுக்கு நிஜத்தில் கிடைப்பதில்லை.

அரசியல் கொலையாளியைக் குறிக்கும் அசாசின் என்ற சொல்லை இதோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. பாரசீக மலைகளில் 1090இல் அலமூத் கோட்டையைக் கைப்பற்றிய ஹசன் சபாவின் நிசாரி இஸ்மாயிலிகள் என்ற ஷியா முஸ்லிம் பிரிவினருக்கு எதிரிகள் வைத்த, கஞ்சாவோடு தொடர்புடைய வசைப்பெயரிலிருந்து அது வந்தது. கஞ்சா உண்டுவிட்டுக் கொன்றார்கள் என்ற கதையை அந்தப் பெயரே வளர்த்தது. வரலாற்றாசிரியர்கள் பலர் அதை ஏற்பதில்லை. அவர்கள் கொன்றது நம்பிக்கைக்காகவும் அரசியலுக்காகவும். ஹிட்மேன் கொல்வது கூலிக்கு. செத்தவர் யார், ஏன் என்பது அவனுக்குத் தேவையில்லை. தேவைப்படத் தொடங்கும் இடத்தில்தான் நாம் பேசும் வகைப் படம் தொடங்குகிறது.

ஆக, தமிழ்ச் சொல்லில் கூலி இருந்தே ஆக வேண்டும். ஆனால் கூலி என்ற சொல்லின் கதை கொஞ்சம் வருத்தமானது. ‘முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்று 619ஆம் குறள் சொல்லும்போது அது உழைத்த உடம்புக்குக் கிடைக்கும் நியாயமான பலன். தெய்வம் கைவிட்டாலும் கிடைப்பது. அதே சொல்லைக் கொலைக்கு முன்னால் ஒட்டவைத்துவிட்டோம். ‘கூலிப்படை’ என்பதும் தொடக்கத்தில் இழிவான சொல் அல்ல. பரிமேலழகர் குறளின் படையியலுக்கு எழுதிய உரையில் அறுவகைப் படைகளை வரிசைப்படுத்துகிறார்: மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை. அங்கே கூலிப்படை என்றால் சம்பளத்துக்குப் போரிடும் வீரர்கள், அவ்வளவுதான்.

இன்றைய செய்தித்தாள்கள் அரிவாளோடு வந்த மூன்று பேரையும் கூலிப்படை என்கின்றன. ஒரே ஒருவன் வந்தால் ‘கூலிப்படையைச் சேர்ந்தவர்’ என்கின்றன. செய்திக்கு அது போதும். ஆனால் நம் கறுப்புக் கோட்டுக்காரன் எந்தப் படையையும் சேர்ந்தவன் அல்ல. அவனுடைய தனிமையே கதையின் பாதி. அவனுக்குப் படை என்ற சொல்லைக் கொடுத்தால் அவனைச் சுற்றிப் பத்துப் பேரை நிறுத்தியதுபோல் ஆகிவிடும்.

கொலையாளி என்றால்? ‘ஆளி’ என்ற ஈறு உடைமையையும் தொடர்பையும் காட்டும்: அறிவாளி, நோயாளி, கடனாளி, தொழிலாளி. நோயாளி நோயைத் தேடிப் போகவில்லை. கடனாளி கடனைச் சுமக்கிறான். கொலையாளியும் அப்படித்தான், கொலையைச் சுமப்பவன். கோபத்தில் ஒரு முறை கொன்றவனும் கொலையாளியே. அதில் கூலியும் இல்லை, தொழிலும் இல்லை. அதனால்தான் ‘கூலிக் கொலையாளி’ என்று கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அகராதிக்கும் செய்திக்கும் இதுவே சரியான சொல். எனக்கு இதில் சந்தேகமில்லை. ‘ஒப்பந்தக் கொலையாளி’ என்றும் எழுதுகிறார்கள். அதைப் படித்தால் டெண்டர் எடுத்தவர்போல் இருக்கிறது.

அழகான சொல் வேண்டும் என்பவர்கள் குறளுக்கே போகலாம். 329ஆம் குறள் ‘கொலைவினையர்’ என்கிறது. கொல்வதையே வினையாகக் கொண்டவர்கள். 551ஆம் குறள் ‘கொலைமேற்கொண்டார்’ என்கிறது. மேற்கொள்ளுதல் என்பது ஒரு காரியத்தைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ளுதல். கான்ட்ராக்ட் எடுப்பதற்கு இதைவிட நெருங்கிய சொல் கிடைக்குமா தெரியவில்லை. இரண்டில் கொலைவினையரை எடுத்து ‘கொலைவினைஞன்’ ஆக்கலாம் என்பது என் ஆசை. மணிமேகலையில் மகத வினைஞரும் மராட்டக் கம்மரும் அவந்திக் கொல்லரும் யவனத் தச்சரும் தமிழ் வினைஞரோடு கூடி வேலை செய்கிறார்கள். அங்கே வினைஞர் என்றால் கைத்திறன் உடைய கலைஞர். துப்பாக்கியைப் பாகம் பாகமாகத் துடைத்து அடுக்கினானே, அந்தக் கைக்கு இந்தச் சொல் பொருந்தும். மேலும், வினை என்பது செய்த தொழில் மட்டுமல்ல, செய்தவனைத் தொடர்ந்து வருவதும்தான். ஆங்கிலச் சொல்லில் இல்லாத பின்பாதிக் கதை இதில் தானாகவே இருக்கிறது.

அந்தப் பின்பாதிக்குப் பெயர் மனசாட்சி. ஆங்கிலத்தின் ‘கான்ஷன்ஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘கூட அறிதல்’ என்பது அதன் வேர்ப்பொருள். வடமொழிச் சாட்சியோ கண்ணிலிருந்து வருகிறது: ‘ச’ என்றால் உடன், ‘அக்ஷ’ என்றால் கண். கண்ணோடு இருந்தவன், நேரில் பார்த்தவன், சாட்சி. ஆங்கிலத்தில் மனம் அறிகிறது. நம் வழக்கில் மனம் பார்க்கிறது. கூலிக்குக் கொல்பவனின் முதல் விதி, சாட்சி இல்லாமல் வேலையை முடிப்பது. பின்வாசலில் நிற்கும் சிறுவனை அவன் சுடுவானா மாட்டானா என்று இத்தகைய படங்கள் நம்மைப் பதைக்க வைப்பதே அதனால்தான். சிறுவனை விட்டுவிட்டால் வெளியே ஒரு சாட்சி. சுட்டுவிட்டால் உள்ளே ஒரு சாட்சி. ‘தன்நெஞ்சே தன்னைச் சுடும்’ என்று முடிகிற குறள் பொய்யைப் பற்றியதுதான் என்றாலும், சுடுதல் என்ற வினையை இந்தக் காட்சியில் வைத்துப் படித்தால் சிலிர்க்கிறது.

தனித்தமிழில் இதை ‘மனச்சான்று’ என்பார்கள். சாட்சிக்குச் சங்க காலத்துச் சொல் ‘கரி’. ‘அறிகரி பொய்த்தல் ஆன்றோர்க்கு இல்லை’ என்கிறது குறுந்தொகை. ‘இந்திரனே சாலுங் கரி’ என்கிறது குறள். இன்று கரி என்றால் அடுப்பும் யானையும்தான் நினைவுக்கு வரும் என்பதால் அதை விட்டுவிடலாம். சான்று நல்ல சொல். அதன் உறவான ‘சான்றோர்’, பதிற்றுப்பத்தில் ‘சான்றோர் மெய்ம்மறை’ என வரும் இடத்தில் போர்வீரர்களைக் குறிக்கிறது. பிற்காலத்தில்தான் பண்பில் நிறைந்தவர்களுக்கு மட்டும் உரியதாயிற்று. ஆயுதம் ஏந்தியவனையும் அறம் நிறைந்தவனையும் ஒரே சொல்லால் அழைத்த மொழிக்கு, மனச்சான்று உள்ள கொலையாளி அவ்வளவு முரண்பட்ட ஆளாகத் தோன்ற வேண்டியதில்லை. இருந்தாலும் பேச்சிலும் எழுத்திலும் நிலைத்துவிட்ட மனசாட்சியை நான் மாற்ற மாட்டேன். ‘உனக்கு மனச்சான்று இல்லையா?’ என்று கேட்டு யாரும் இதுவரை சண்டை போட்டதில்லை.

இந்த வகைப் படத்தை விவரிக்கும் மற்றச் சொற்களையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். த்ரில்லர் என்பதன் வேர் துளைத்தல். பழைய ஆங்கிலத்தில் ‘திரெல்’ என்றால் துளை. மூக்குத் துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்ற சொல்லின் வால் அதுதான். திகில் படம் என்றால் பேய் வந்துவிடும், மர்மப் படம் என்றால் துப்பறிவாளர் வந்துவிடுவார். ‘விறுவிறுப்பான படம்’ போதும். காரம் நாவில் ஏறுவதுபோல உடம்பில் ஏறும் சொல் அது. ஆக்‌ஷனுக்கு அதிரடி இருக்கிறது. தள்ளுபடி விளம்பரங்கள் அதைத் தேய்த்துவிட்டாலும் இன்னும் கொஞ்சம் அதிர்வு மிச்சம் இருக்கிறது.

ஸ்டைல் மட்டும் தனியாக நின்று பார்க்க வேண்டிய சொல். லத்தீனில் ‘ஸ்டிலுஸ்’ என்றால் மெழுகுப் பலகையில் எழுதும் கூர்முனைக் கோல், நம் எழுத்தாணி போன்றது. எழுதும் கருவியின் பெயர் எழுதும் விதத்துக்கு ஆகி, பிறகு எதையும் செய்யும் விதத்துக்கு ஆயிற்று. அதே ஸ்டிலுஸ் இத்தாலியில் மெல்லிய குத்துவாளாகவும் மாறியது. ‘ஸ்டிலெட்டோ’ என்ற பெயர் அதன் குட்டி. ஆக, ஸ்டைலும் குத்துவாளும் கூடப் பிறந்தவை. தமிழில் ‘நடை’ இதற்கு ஈடு கொடுக்கும்: எழுத்துக்கும் நடை, கால்களுக்கும் நடை. ஸ்டைலான படம் என்பதற்கு ‘ஒயிலான’ என்று ஒருவர் பரிந்துரைத்தார். ஒயில் நடனத்துக்கு நல்லது; துப்பாக்கி ஏந்தியவனுக்கு மிடுக்குதான் பொருந்தும்.

மறுபடியும் அந்த சப்டைட்டிலுக்கு வருகிறேன். வரி திரையில் நிற்பது ஓரிரு நொடி. ‘கொலைவினைஞன்’ என்று போட்டால், பார்ப்பவர் அதை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் அந்தப் பெண் கதவைச் சாத்தியிருப்பாள். ‘கூலிக் கொலையாளி’ சரியானது, ஆனால் எந்த மனிதனும் தன்னைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டான். அது போலீஸ் அவனுக்குக் கொடுக்கும் பெயர். பெயர்ச்சொல்லை விட்டுவிட்டு வினையைப் பிடித்தால் வழி திறக்கிறது. ‘நீ யார்?’ என்று அவள் கேட்கிறாள். அவன் நிமிராமல், கடைசிப் பாகத்தை அதன் குழிக்குள் வைத்தபடி சொல்கிறான்: ‘கூலிக்குக் கொல்பவன்.’