நேரம் தவறும் நிரல்கள்: கையேடும் பிழைச்செய்தியும் சொல்ல வேண்டியவை

கணினிக்குள் நேரம் என்பது ஓர் எண். 1970 ஜனவரி 1 அன்று, உலகப் பொது நேரப்படி நள்ளிரவு 12 மணியிலிருந்து எத்தனை விநாடிகள் கடந்துள்ளன என்பதே பெரும்பாலான கணினிகள் வைத்திருக்கும் கணக்கு. நாம் எழுதும் தேதியையும் மணியையும் இந்த எண்ணாக மாற்றவும், எண்ணை மீண்டும் தேதியாக மாற்றவும் ஒவ்வொரு நிரல்மொழியிலும் செயற்கூறுகள், அதாவது அழைத்தால் ஒரு வேலையைச் செய்து விடை தரும் நிரல் துண்டுகள், உண்டு. அவை போடும் கணக்கு அவ்வளவு கடினமானதன்று. ஆனால் கணக்கைத் தொடங்குமுன் சிலவற்றை அவை தாமாகவே அனுமானித்துக்கொள்கின்றன: இது எந்த ஊரின் நேரம், அங்கே கோடைகால நேரம் (கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் வழக்கம்) நடப்பில் உள்ளதா, நாட்காட்டியில் இல்லாத தேதி ஒன்று வந்தால் மறுப்பதா திருத்துவதா. இந்த அனுமானங்களைக் கையேடு வெளிப்படையாகச் சொல்லாதபோதுதான் தவறான விடையைச் சரியானது என்று நிரலர் நம்பிவிடுகிறார்.

சி மொழியின் 'எம்கேடைம்' என்ற செயற்கூறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி ஆகியவற்றைத் தனித்தனி கட்டங்களில் நிரப்பிக் கொடுத்தால், அதைக் கணினி இருக்கும் ஊரின் நேரமாக எடுத்துக்கொண்டு விநாடி எண்ணைத் திருப்பித் தரும். மாற்ற முடியாவிட்டால் -1 என்று விடை வரும். ஆனால் -1 என்பதும் முறையான ஒரு நேரமே. உலகப் பொது நேரப்படி 1970 தொடங்குவதற்கு ஒரு விநாடி முன்பு, அதாவது இந்திய நேரப்படி 1970 ஜனவரி 1 காலை 5 மணி 29 நிமிடம் 59 விநாடி. அந்த விநாடியை ஒருவர் சரியாகவே கேட்டிருந்தாலும் விடை -1தான். எனவே விடையை மட்டும் பார்த்துத் தவறு நேர்ந்ததா என்று தீர்மானிக்க இயலாது.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. அழைப்பதற்கு முன் கிழமைக்கான கட்டத்தில் -1 என்று எழுதிவிட வேண்டும். வேலை வெற்றியாக முடிந்தால் செயற்கூறு அந்தக் கட்டத்தில் 0 முதல் 6 வரையுள்ள ஓர் எண்ணைத் தானே நிரப்பும். தோற்றுப்போனால் நாம் எழுதிய -1 அப்படியே இருக்கும். 'தவறினால் -1 வரும்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும் கையேட்டைப் படிப்பவர் இந்த வழியைத் தாமாகக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. -1 என்ற எண் முதன்முதலில் குறிப்பிடப்படும் இடத்திலேயே, இரண்டு வரி நிரலோடு, அது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அதே செயற்கூறில் கோடைகால நேரத்துக்கென ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்ப மறந்தால், நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்த ஏதோ ஓர் எண் உள்ளே போய்விடும். லண்டனிலோ நியூயார்க்கிலோ விடை ஒரு மணி நேரம் பிசகக்கூடும். இந்தியாவில் இப்போது கோடைகால நேரம் இல்லாததால், இங்கே எழுதிச் சோதிக்கும்போது இத்தவறு பெரும்பாலும் கண்ணில் படாது. எதிர்ம எண் ஒன்றை அக்கட்டத்தில் இட்டால் செயற்கூறே பார்த்து முடிவு செய்துகொள்ளும். இதுவும் கையேட்டின் கடைசிக் குறிப்புகளில் ஒதுங்கிக் கிடக்க வேண்டிய செய்தியன்று.

பிப்ரவரி 30 என்று கொடுத்தால் எம்கேடைம் முணுமுணுக்காமல் அதை மார்ச் 1 அல்லது 2 ஆக மாற்றிக்கொள்ளும். பைத்தான் மொழி மறுத்துவிடும், மறுப்பதே நல்லது என்பது என் கருத்து. ஆனால் 'நாள் இந்த மாதத்தின் வரம்புக்கு வெளியே உள்ளது' என்ற அளவில்தான் நெடுங்காலம் அதன் பிழைச்செய்தி இருந்தது. எந்த நாள், எந்த மாதம்? ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கோப்பைப் படிக்கும்போது இந்தச் செய்தி வந்தால், பிழையான வரியைத் தேட மீண்டும் ஒரு நிரல் எழுத வேண்டியிருக்கும். கோ மொழி இந்த இடத்தில் மேலானது. ஆண்டு-மாதம்-நாள் என்று சிறுகோடிட்டு எழுத வேண்டிய இடத்தில் '2024/01/15' என்று கொடுத்தால், பெற்ற உரை எது, எதிர்பார்த்த வடிவம் எது என்று இரண்டையும் காட்டி, '/01/15' என்ற பகுதியில் சிறுகோடு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுகிறது. படித்தவுடன் கை தானாகத் திருத்தும் இடத்துக்குப் போகும்.

பிழைச்செய்தியே எழாத தவறுகள் இவற்றைவிடக் கொடியவை. பைத்தானில் உலகப் பொது நேரத்தைத் தரும் 'யுடிசிநவ்' என்ற செயற்கூறு, தான் தரும் நேரம் எந்த நேர மண்டலத்துக்கு உரியது என்ற அடையாளத்தை அதில் ஒட்டுவதில்லை. அடையாளமில்லாத நேரத்தை விநாடி எண்ணாக மாற்றும்போது அதே மொழி அதை உள்ளூர் நேரமாகக் கொள்கிறது. சென்னையிலுள்ள கணினியில் விடை ஐந்தரை மணி நேரம் பின்தங்கிப்போகும். நெடுங்காலம் இதற்கு எச்சரிக்கை எதுவும் வந்ததில்லை. 2023இல் வெளியான 3.12 பதிப்பில் இச்செயற்கூறு கைவிடத்தக்கது என்று அறிவிக்கப்பட்டது. அப்போது எழுந்த எச்சரிக்கையின் வாசகம் பாராட்டத்தக்கது: இது வருங்காலத்தில் நீக்கப்படும் என்பதோடு நில்லாமல், மாற்றாக எழுத வேண்டிய நிரல் துண்டையும் அதுவே தருகிறது.

நேர மண்டலங்களைக் கையாளப் பைத்தான் நிரலர்கள் பயன்படுத்தும் 'பைடிஇசட்' என்ற நிரல் நூலகத்தின் (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) கதையும் இத்தகையதே. அதன் கொல்கத்தா மண்டலத்தை ஒரு தேதியோடு நேரடியாக இணைத்தால், உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரை மணிக்குப் பதிலாக 5 மணி 53 நிமிட வேறுபாடு வந்து நிற்கும். அந்த மண்டலத்தின் வரலாற்றில் முதலாவதாக உள்ள பதிவு 19ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவின் உள்ளூர் நேரம் என்பதே காரணம். அதை அடுத்து ரயில்வே பயன்படுத்திய மதராஸ் நேரமும், 1906 முதல் இந்தியத் தர நேரமும் அப்பட்டியலில் வருகின்றன. இணைப்பதற்கென நூலகம் வைத்திருக்கும் தனிச் செயற்கூறைப் பயன்படுத்தினால்தான் உரிய பதிவு தேர்ந்தெடுக்கப்படும். நேரடி இணைப்பு பல மண்டலங்களுக்கு வேலை செய்யாது என்று கையேட்டில் எழுதித்தான் இருக்கிறது. ஆனாலும் 23 நிமிடப் பிசகோடு நிரல் ஓடிக்கொண்டே இருக்கும். கொழும்பின் பழைய பதிவுகளைக் கையாளுபவர்களுக்கும் இந்த வரலாறு வேண்டும்: இலங்கை 1996இல் உலகப் பொது நேரத்திலிருந்து தன் வேறுபாட்டை முதலில் ஆறரை மணி நேரமாகவும் பிறகு ஆறு மணி நேரமாகவும் மாற்றி, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது.

கையேட்டில் தரும் எடுத்துக்காட்டுகளும் இடர் நிறைந்த நாட்களிலிருந்து எடுக்கப்பட வேண்டும். ஜாவாவின் தேதி வடிவங்களில் ஆண்டைக் குறிக்கும் ஆங்கில எழுத்தைச் சிறிய வடிவில் எழுதினால் வழக்கமான ஆண்டும், பெரிய வடிவில் எழுதினால் வாரக் கணக்கு ஆண்டும், அதாவது அந்தத் தேதியைக் கொண்ட வாரம் எந்த ஆண்டில் சேர்க்கப்படுகிறதோ அந்த ஆண்டும், கிடைக்கும். ஜூலை மாதத் தேதியை எடுத்துக்காட்டாகக் காட்டினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2019 டிசம்பர் 30ஐக் காட்டினால் இரண்டாவது வடிவம் 2020 என்று அச்சிடும்.

அதே ஜாவாவில் 2014இல் 8ஆம் பதிப்போடு வந்த நேரத் தொகுப்பின் கையேடு மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டது. நியூயார்க்கில் 2024 மார்ச் 10 அன்று அதிகாலை 2:30 என்ற நேரமே கிடையாது. கோடைகால நேரம் தொடங்கியதால் கடிகாரம் 2இலிருந்து 3க்குத் தாவியது. அது முடிந்த நவம்பர் 3 அன்று 1:30 இருமுறை வந்தது. முதல் வகையில் நேரம் இடைவெளியின் அளவுக்கு முன்னே நகர்த்தப்படும், இரண்டாம் வகையில் பொதுவாக முந்தைய, கோடைகால நேரமே கொள்ளப்படும் என்று அக்கையேடு தெளிவாகச் சொல்கிறது. எனவே அந்த மார்ச் காலை 2:30 என்று கேட்டவருக்கு 3:30 கிடைக்கும் என்பது, நிரலை ஓட்டிப் பார்க்குமுன்பே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.